"விலை தெரிய இன்பாக்ஸுக்கு வாங்க": பழைய பேனா விற்பவர்களிடம் ஒரு கேள்வி

மார்ச் 3, 2024, ஞாயிறு, காலை 9.10
(பழைய பேனா வாங்கி விற்கும் எங்கள் இணையக் குழுவில் வந்த கேள்வி, அப்படியே)

"பழைய பேனாவை விற்கப் போடும்போது விலையையும் போட்டே ஆகணும்னு எதுக்கு இந்தக் கட்டாயம்? என் பொருள், என் விலை. வேணுங்கிறவர் இன்பாக்ஸ்ல தனியா வந்து கேட்கட்டும். வித்த பிறகு விலையை அழிச்சாலும் என் இஷ்டம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?"

அதே நாள், 10.45

நஷ்டம் எனக்கு. ரூபாய்க் கணக்கிலேயே சொல்கிறேன்.

போன மாதம் ஒருவர் மெட்ராசில் செய்த பழைய பைலட் ஒன்றைப் போட்டிருந்தார். விலைக்கு இன்பாக்ஸ். போனேன், 2,800 என்றார். மதுரை நண்பரும் அதே நாளில் அதே பேனாவைக் கேட்டிருக்கிறார். அவருக்கு 1,900. பேனா ஒன்றுதான், மூடியில் இருந்த கீறலும் ஒன்றுதான். என் முகப்புப் படத்தில் நான் ஒரு கார்மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறேன். அது என் மச்சினன் கார். சாய்ந்ததற்கு வாடகை 900 ரூபாய்.

விலையை வெளியே போடுங்கள். விற்றதும் "விற்றாச்சு" என்று மட்டும் சேர்த்து எழுதுங்கள், விலையில் கை வைக்காதீர்கள். என் கட்சி இவ்வளவுதான்.

பகல் 1.20

சாப்பிட்டுவிட்டு வந்தேன். அழிப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம்.

அப்பா இறந்து, அவர் மேஜை டிராயரில் ஒரு பார்க்கர் 51 கிடைக்கிறது என்று வையுங்கள். பிள்ளை என்ன செய்வார்? வலையில் தேடுவார். அங்கே கண்ணில் படுவதெல்லாம் கேட்கிற விலை. கேட்கிற விலை ஆசை, அவ்வளவுதான். நான்கூட என் ஸ்கூட்டருக்கு ஒரு லட்சம் கேட்கலாம். விற்ற விலைதான் விலை. வெளிநாட்டு ஏலத் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டு என்று வடிகட்டிப் பார்க்கலாம். நம் குழுவில் அந்த வசதி இல்லை, இருக்கிற ஒரே ஆவணம் பழைய பதிவுகள்தான். நேற்றிரவு உட்கார்ந்து பார்க்கர் 51 என்று தேடினேன். எல்லாம் "விற்றாச்சு". விலை நிற்கிற பதிவுகளை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

தபால்தலைக்காரர்களுக்கு இந்தப் பாடம் நம்மைவிட முன்பே தெரியும். ஸ்டான்லி கிப்பன்ஸ் என்ற லண்டன் தபால்தலை நிறுவனம் தன் கேட்டலாகில் போட்டிருக்கும் விலை, அது உங்களுக்கு விற்கிற விலை. நீங்கள் ஆல்பத்தோடு போய் நின்றால் கையில் வருவது அதில் ஒரு பங்குதான்.

மார்ச் 4, இரவு 9.30

கேள்வி கேட்டவர் என்னை சட்டாம்பிள்ளை என்று எழுதியிருக்கிறார். பரவாயில்லை, பள்ளிக்கூடத்தில் கிடைக்காத பதவி.

எனக்கு இது மாட்டுச் சந்தையில் பார்த்த கதையாகத் தெரிகிறது. என் அப்பாரு (தாத்தா) பொள்ளாச்சிச் சந்தைக்கு என்னைக் கூட்டிப் போவார். எனக்கு எட்டு வயது இருக்கும். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின் மேல் போடுவார். அப்பாரு அடியில் கையை விடுவார். உள்ளே விரல் பிடிப்பார்கள். ஒரு விரல் ஆயிரமா நூறா என்பது அவர்கள் இருவருக்கும்தான் தெரியும். பக்கத்தில் நிற்கும் எனக்குத் தெரிவது துண்டு அசைவதும், அப்பாரு முகம் ஒன்றுமே நடக்காதது மாதிரி வானத்தைப் பார்ப்பதும்தான்.

இன்பாக்ஸ் என்பது அந்தத் துண்டு. ஊரை ஏமாற்ற நெய்தது.

மார்ச் 5, காலை 7.15

நேற்று எழுதியது தப்பு. குழுவில் இருக்கும் சேலத்துக்காரர் ஒருவர் ராத்திரியே மூன்று வரியில் என்னை உட்கார வைத்துவிட்டார். "அண்ணா, துண்டு போடறது விலைக்கு மட்டும்தான். மாட்டுக்கு யாராவது துண்டு போட்டாங்களா?"

உண்மைதான். விரல் பிடிப்பதற்கு முன்னால் அப்பாரு மாட்டின் வாயைத் திறந்து பல் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுக் கால் பார்ப்பார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மாடு வெளிச்சத்தில், விலை துணிக்குள். நம் குழுவில் விலையோடு சேர்த்து மாட்டையும் துண்டால் மூடிவிடுகிறோம். "மிண்ட் கண்டிஷன், விலைக்கு இன்பாக்ஸ்", மங்கலாக ஒரே ஒரு போட்டோ.

பார்க்கர் 51-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1941-இல் கடைக்கு வந்து 1972 வரை செய்தார்கள். நிப்பு கூட்டுக்குள் ஒளிந்திருக்கும், வெளியே எட்டிப் பார்ப்பது நுனி மட்டும். மேலே உள்ள கூட்டைக் கழற்றினால்தான் உள்ளே இருப்பது தங்க நிப்பா, யாரோ மாற்றிவைத்த வேறு நிப்பா என்று தெரியும். போட்டோவில் இதைப் பார்க்க வழியே இல்லை. பல்லைப் பார்க்க முடியாத மாட்டை இன்பாக்ஸில் விரல் பிடித்து வாங்குகிறோம்.

ஆக, என் கட்சியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். விலை ரகசியம் ஒரு குற்றம், பழுதை மறைப்பது அதைவிடப் பெரிய குற்றம்.

மார்ச் 5, மாலை 6.00

"அப்படியென்றால் எதையெல்லாம் சொல்ல வேண்டும்" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பட்டியல் போட்டால் மறுபடி சட்டாம்பிள்ளை ஆகிவிடுவேன். நான் வாங்கி ஏமாந்த வகைகளை மட்டும் சொல்கிறேன்.

மூடியின் விளிம்பில் மயிரிழை விரிசல். வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தால்தான் தெரியும். விற்றவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

எபனைட் பேனா "ஜெட் பிளாக்" என்று வந்தது. எபனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெயிலும் வெளிச்சமும் பட்டால் கறுப்பு மங்கி ஆலிவ் பழுப்பாகும். அது வயதுக்கு அடையாளம், குறை இல்லை. என்னிடம் வந்ததற்குச் சாயம் பூசியிருந்தார்கள். இரண்டு நாள் எழுதியதும் நடுவிரல் கறுப்பானது.

அடுத்தது "ரெஸ்டோர் செய்தது" என்ற சொல். ஒருவருக்கு அது உள்ளே இருக்கும் ரப்பர் ஜவ்வை மாற்றி, நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கட்டையைச் சுத்தம் செய்து, மை நிரப்பி எழுதிப் பார்த்தது. இன்னொருவருக்கு வெந்நீரில் முக்கி எடுத்தது. எந்த அர்த்தத்தில் சொல்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால் கை வலிக்காது.

மார்ச் 9, இரவு 11.50

சரி, விற்கிறவர் பக்கமும் ஒரு ஞாயம் இருக்கிறது. இன்று ஒரு பழைய டோரிக் பேனாவை விலையோடு போட்டேன், 1,200. வந்த செய்திகள் இப்படி:

"கடைசி விலை எவ்ளோ ப்ரோ." (வணக்கம்கூட இல்லை.)
"600-க்கு முடிச்சுக்கலாமா."
"எடுத்துக்கறேன், நாளைக்குப் பணம்."
"எனக்கு வேண்டாம், சும்மா விலை விசாரிச்சேன்." (விலைதான் மேலே போட்டிருக்கிறதே சாமி.)

எல்லாவற்றுக்கும் மேலாக ஒருவர் பதிவுக்குக் கீழேயே எழுதினார்: "இதே பேனா எனக்கு 2015-ல் 300-க்குக் கிடைச்சது." வாழ்த்துக்கள். 2015-இல் தக்காளி என்ன விலை?

அடுத்தவர் கடையின் முன்னால் நின்று "விலை ஜாஸ்தி" என்று கத்துவது மரியாதை இல்லை. வேண்டாமென்றால் நடையைக் கட்டுங்கள். பேனாவில் தப்பான தகவல் இருந்தால் அது வேறு, சபையிலேயே சொல்லலாம். விலை பிடிக்காததைச் சபையில் சொல்லாதீர்கள். "எடுத்துக்கறேன்" என்று எழுதினால் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கேட்க வேண்டுமென்றால் எழுதுவதற்கு முன்னால் கேளுங்கள்.

இந்த இம்சைக்குப் பயந்துதான் பலர் இன்பாக்ஸுக்குள் ஒளிகிறார்கள் என்று இன்று புரிந்தது. டோரிக்கை மறுபடி டிராயரில் போட்டுவிட்டேன்.

மார்ச் 10, காலை 8.05

டோரிக் 1,200-க்கே போனது. "நாளைக்குப் பணம்" என்றவர் நிஜமாகவே காலை ஆறு மணிக்கு அனுப்பிவிட்டார். மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 10, பகல் 3.30

பேச்சு எங்கேயோ போய்விட்டது, ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒருவர், டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறார்களாம், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா என்று கேட்கிறார். கட்டாதீர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லிப் பழைய நோட்டு, நாணயத்துக்குக் கமிஷனும் வரியும் கேட்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அதுபோல யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை, வாங்க யாருக்கும் அதிகாரம் தரவும் இல்லை என்றது.

பேனா விற்பவர்களுக்கும் ஒன்று. "பணம் அனுப்பறேன், ரெக்வஸ்ட் வரும், பின் போடுங்க" என்று எவராவது சொன்னால் போனைக் கீழே வையுங்கள். யுபிஐ-யில் பணம் வருவதற்குப் பின் தேவையில்லை. பின் போட்டால் பணம் போகும். நம்மில் ஒருவர், பெயர் வேண்டாம், நான்கு இலக்கம் போட்டுவிட்டு ஐந்தாவதில் நிறுத்தியிருக்கிறார். ஐந்தாவதில் நிறுத்தக் காரணம், வீட்டுக்காரம்மா சாப்பிடக் கூப்பிட்டது.

மார்ச் 12, இரவு 10.10

கதை சொல்லி விலை ஏற்றுவது பற்றி. இன்று ஒரு பதிவு: "காந்தி எழுதிய ரத்னம் பேனா, அரிது." இழுத்துப் படித்தால், காந்திக்குப் பேனா செய்து கொடுத்த அதே ராஜமுந்திரிக் கடையின் பேனாவாம். கடை அதே கடைதான், பேனா அதே பேனா இல்லை.

அந்தச் சங்கதி நிஜத்தில் அழகானது. ராஜமுந்திரி கே.வி. ரத்னம் சுதேசிப் பேனா செய்தார். ஒன்று காந்திக்குப் போனது. கொண்டுபோய்ச் சேர்த்தவர் நம் தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா. எழுதிப் பார்த்துவிட்டு, கடைத்தெருவில் கிடைக்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்று 1935-இல் காந்தி நன்றிக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் ரத்னத்துக்குக் கிடைத்த பெருமை. நீங்கள் போன வருடம் வாங்கிய பேனாவுக்கு அதில் பங்கு கிடையாது.

மார்ச் 17, ஞாயிறு, அதிகாலை 5.20

இரண்டு வாரமாக ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருக்கிறேன். நேற்று ஒருவர் என் பழைய பதிவு ஒன்றைத் தோண்டி எடுத்துக் கீழே ஒட்டியிருக்கிறார். 2019 நவம்பர். பார்க்கர் 51, "விலைக்கு இன்பாக்ஸ்". அப்புறம் "விற்றாச்சு". விலை இல்லை. கேள்விக்குறி ஒன்று மட்டும் போட்டிருக்கிறார். தூக்கம் போய்விட்டது.

நடந்ததைச் சொல்கிறேன்.

உடுமலைப் பக்கம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இறந்துபோனார். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தது அவர் மகள், அவரும் டீச்சர்தான். யாரோ என் நம்பரைக் கொடுத்துக் கூப்பிட்டார். போனேன். சந்தனப் பவுடர் டப்பாவில் மூன்று பேனா. ஒன்று ஹீரோ. ஒன்று பழுப்பேறிய எபனைட், பெயர் எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. மூன்றாவது பார்க்கர் 51. உடம்பில், தயாரித்த நாட்டின் பெயருக்குப் பக்கத்தில் பொடியாக 8 என்ற எண், கூடவே புள்ளிகள். அந்த எண் வருடத்தின் கடைசி இலக்கம், புள்ளி காலாண்டுக்கு. 51 பிறந்ததே 41-இல் என்பதால் இந்த 8 என்றால் 1948. பேனா அவர் கையில் இருக்கும்போதே எனக்கு இது தெரிந்துவிட்டது. முகத்தை அப்பாரு மாதிரி வைத்துக்கொண்டேன்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க தம்பி. நீங்க பார்த்துக் குடுங்க" என்றார்.

மூன்றுக்கும் சேர்த்து 2,000 கொடுத்தேன். ஹீரோவை யாருக்கோ சும்மா கொடுத்துவிட்டேன். 51-இன் ரப்பர் பையை மாற்றி 9,000-க்கு விற்றேன். இன்பாக்ஸ் என்று போட்டதற்கும் பிறகு வாயைத் திறக்காததற்கும் ஒரே காரணம், டீச்சரின் அக்கா பையன் அப்போது இந்தக் குழுவில் இருந்தார்.

திருட்டு இல்லை. தேடிப்போன உழைப்பு, பழுது பார்த்த கூலி, விற்காமல் போனால் என் தலையில் விழும் நஷ்டம், எல்லாம் உண்டு. வியாபாரி என்றால் லாபம் வைக்கத்தான் செய்வார். ஆனால் "பார்த்துக் குடுங்க" என்றால் பார்க்கிற வேலையும் என்னிடம் கொடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். வாங்குகிறவனாகவும் மதிப்புப் போடுகிறவனாகவும் நானே இருந்தேன். விலையை வெளியே போட்டிருந்தால், ஒன்று அவருக்கு இன்னொரு மூவாயிரம் அனுப்பியிருப்பேன், இல்லையென்றால் பேனாவைப் போடாமலே இருந்திருப்பேன்.

மார்ச் 17, காலை 9.40

திருத்தம். 1948 என்று சொல்லிவிட்டு ரப்பர் பை என்று எழுதியிருக்கிறேன். தூக்கக் கலக்கம். என்னிடம் வந்தது வாலைத் திறந்து குமிழை அழுத்தி மை இழுக்கும் வேக்குமேட்டிக். மாற்றியது பை இல்லை, ஜவ்வு. அமெரிக்கத் தயாரிப்பில் 1948-தான் அழுத்துப்பட்டை வைத்த ஏரோமெட்ரிக்குக்கு மாறிய வருடம், பை இருப்பது அதில்தான். சேலத்துக்காரர் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

"அடுத்தவரைக் கேள்வி கேட்க உனக்கு என்ன யோக்கியதை" என்று எழுதியவருக்கு: குறைவுதான்.

மார்ச் 19, செவ்வாய், இரவு 8.45

உறவில் ஒரு காரியத்துக்காகப் பொள்ளாச்சி போனேன். அப்படியே சந்தைக்குள் நுழைந்தேன். தேர்தல் அறிவிப்பு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. 50,000-க்கு மேல் ரொக்கத்துக்குக் கணக்கில்லை என்றால் பறக்கும் படை பிடித்துக்கொள்கிறது. வியாபாரிகள் எல்லாம் அந்தப் புலம்பல்தான். என் பையில் இருந்த பேனா உறையைக்கூட ஒரு காவலர் திறந்து பார்த்தார். "இவ்ளோ பேனா எதுக்குங்க?" என் மனைவி வருடக்கணக்காகக் கேட்கும் அதே கேள்வி.

வயதான தரகர் ஒருவரிடம் துண்டு விஷயத்தைக் கேட்டேன். எதற்காக மறைக்கிறீர்கள்?

"பேசி முடியற வரைக்குந்தானுங்க. அடுத்தவன் நடுவுல பூந்து கெடுத்துடக் கூடாதில்ல. மாடு கைமாறிட்டா டீக்கடைக்குப் போறதுக்குள்ள ஊருக்கே விலை தெரிஞ்சிரும்."

சின்ன வயதில் நான் பார்த்தது துண்டை மட்டும்தான். டீக்கடைக்கு என்னைக் கூட்டிப் போனதில்லை.

ஆக கேள்வி கேட்ட நண்பரே, உங்களுக்குப் பாதி விட்டுக்கொடுக்கிறேன். பேரம் நடக்கும்போது இன்பாக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். கைமாறியதும் டீக்கடைக்கு வாருங்கள். விற்ற விலையைப் பதிவில் ஏற்றுங்கள்.

மார்ச் 24, ஞாயிறு, பகல் 12.15

டீச்சருக்குப் போன் போட்டேன். நான்கு நாள் தள்ளிப்போட்டு இன்று போட்டேன்.

குரலைக் கேட்டதும் யார் என்று தெரிந்துவிட்டது அவருக்கு. நான் சுற்றி வளைத்து ஆரம்பிப்பதற்குள் அவரே, "அந்தப் பேனாவை இருபத்தஞ்சாயிரத்துக்கு வித்தீங்களாமே" என்றார்.

எங்கிருந்து வந்தது இருபத்தைந்து? அக்கா பையன் அன்றைக்கே பதிவைப் பார்த்திருக்கிறார். விலை இல்லை. வலையில் தேடியிருக்கிறார். தங்க மூடி போட்ட 51-க்கு எவரோ எங்கேயோ கேட்டிருந்த விலை கண்ணில் பட்டிருக்கிறது. நம்முடையதற்கு எவர்சில்வர் மாதிரி மங்கல் மூடி, அதிலும் ஒரு நெளிவு. ஆனால் அவர் கண்ணில் பட்டது அந்த ஒரு எண்தான். நாலரை வருடமாக ஒரு குடும்பத்தில் நான் இருபத்தைந்தாயிரம் சுருட்டியவன்.

"இல்லைங்க டீச்சர், ஒன்பதாயிரம்" என்றேன்.

"ம்" என்றார். நம்பவில்லை என்பது அந்த ம்-மிலேயே இருந்தது. எப்படி நம்புவார்? விலை போட்டிருந்தால் பதிவைக் காட்டியிருப்பேன்.

மார்ச் 24, இரவு 10.30

ஜிபே-யில் 2019 வரைக்கும் கீழே தள்ளிக்கொண்டே போனேன். கட்டைவிரல் மரத்துவிட்டது. கிடைத்தது. வாங்கியவர் இரண்டு தவணையாக அனுப்பியிருக்கிறார், 5,000-உம் 4,000-உம். அவர் பெயரை மறைத்துவிட்டு இரண்டையும் டீச்சருக்கு அனுப்பினேன். கூடவே 3,000 ரூபாயும்.

இரண்டு நீலக் கோடு வந்தது. "சரிங்க" என்று ஒரு பதில். பத்து நிமிடத்தில் 3,000 திரும்பி வந்துவிட்டது.

மார்ச் 25, காலை 7.00

அவரே கூப்பிட்டார். "அந்தப் பழுப்புப் பேனா என்னாச்சுங்க தம்பி? அப்பா கடைசி வரைக்கும் எழுதினது அதிலதான். பார்க்கர் யாரோ குடுத்தது, பெட்டியிலேயே கிடந்தது."

இருக்கிறது. இரண்டு தடவை விற்கப் போட்டும் ஒருவரும் சீண்டவில்லை. என் மேஜையில்தான் கிடக்கிறது. சும்மாவே அனுப்பிவிடுகிறேன் என்றேன். அதெல்லாம் வேண்டாம், விலை சொல்லுங்கள், குழுவில் எழுதுகிற மாதிரி சொல்லுங்கள் என்றார். பையன் இந்த இழையைப் படித்துக் காட்டியிருக்கிறான் போல.

மார்ச் 28, மாலை 5.40

முக்கால் இன்ச் பிவிசி குழாயை ஆக்சா பிளேடால் ஒரு சாண் அறுத்து, இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்து, டேப் சுற்றி ஸ்பீட் போஸ்டில் போட்டாயிற்று. பேனாவுக்கு இதைவிட நல்ல பெட்டி கிடையாது, லாரியே ஏறினாலும் தாங்கும். மையை மட்டும் முழுக்க வடித்துவிடுங்கள். நான் ஒரு தடவை மறந்து, வாங்கியவர் வீட்டு சோபா நீலமானது.

மார்ச் 31, ஞாயிறு, காலை 9.10

விற்றாச்சு.
எபனைட் பேனா, மை நேரடியாக ஊற்றுவது, தயாரித்தவர் பெயர் தேய்ந்துவிட்டது, உடம்பு முழுக்கப் பழுப்பு, மூடியின் கிளிப் கொஞ்சம் ஆடும், நிப்பு ஸ்டீல், எழுதுகிறது.
வாங்கிய விலை: மூன்று பேனா 2,000, இதன் பங்கு 666 ரூபாய் 67 பைசா.
விற்ற விலை: 667. தபால் செலவு என்னுடையது.